என் தலையின் எடை நூறில் இரண்டு

நிகாமிசவா, அகிடா
செப்டம்பர் 24

அன்புள்ள தமாயோ அக்காவுக்கு,

இங்கே காலையில் வாயைத் திறந்தாலே புகை வருகிறது. அங்கே எரிமலைச் சாம்பல் இந்த மாதமாவது துணி காய விடுகிறதா? அத்தானின் முதுகுவலி எப்படி? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறு மட்டும் எனக்கு ஓரடி முன்னால் நடக்கிறது.

ஒரு வெட்கக்கேடு நடந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் ஊர் முழுக்கப் பரவும், ஆனால் அது உன் ஊர்தானே என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். நேற்று சம இரவு நாள். மலைச்சரிவுக் கேபிளை அளக்கப் போனேன். சாலையோரப் பம்பு அறையில் கருவியை மாட்டி, தானாக அளக்கட்டும் என்று விட்டுவிட்டு, மேலே வெந்நீர் விடுதிக்கு ஏறினேன். ஏற வேண்டிய வேலை எதுவும் இல்லை. விடுதிக்கார இகுயோ அம்மாள் பண்டிகைக்காக ஒஹாகி உருட்டி வைத்திருந்தார். பசைச் சோற்று உருண்டையும் மேலே பயற்றுப் பூரணமும். எத்தனை தின்றேன் என்பதை எழுதப் போவதில்லை. தின்றபின் உலகம் தித்திப்பாக மங்கியது. பின்கட்டு நடையில் அதே கேபிளின் உபரி நீளத்தைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருப்போம். அந்த வளையத்தை இறக்கித் தலைக்கு வைத்து, கண்ணை மட்டும் கொஞ்சம் மூடினேன்.

விழித்தபோது மேலே ஒரு போர்வை கிடந்தது. கன்னத்தில் பூரணம் ஒட்டியிருந்தது. இகுயோ அம்மாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அளந்து முடிச்சாச்சா?"

"ஆச்சுங்க."

"நல்லா சத்தமா அளந்தீங்க. விருந்தாளிங்க மலைதான் உருளுதோன்னு வெளிய வந்து பாத்தாங்க."

கீழே போய்க் கருவியைப் பார்த்தால், விடுதி இருக்கும் இடத்தில் கோடு ஒரு சின்னப் படி இறங்கியிருக்கிறது. வெளிச்சத்தில் நூறில் இரண்டு டெசிபல் இழப்பு. கேபிளுக்குள் ஓடும் இழையின் மேல் என் தலை இருந்ததல்லவா, அதுதான். என் தலைக்குள் ஒன்றுமில்லை என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வந்தாயே, இப்போது கருவியே சாட்சி: நூறில் இரண்டு.

அறிக்கையில் இதைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் காரணம் எழுத வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம்.
உன் தம்பி,
ஹிசாவோ


ககோஷிமா
அக்டோபர் 8

தம்பி ஹிசாவோ,

சாம்பல் நிற்கவில்லை. துவைக்கிறேன், உதறுகிறேன், மறுபடி துவைக்கிறேன். அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டே முள்ளங்கிப் பாத்தியில் நிற்கிறார். நீ வயிற்றைக் குறை.

போர்வையை யார் போர்த்தினது? எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதை மட்டும் எழுதவில்லையே.

இன்னொன்று. நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. அத்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் "மச்சான் கரண்டு மீட்டர் பாக்கறான்" என்கிறார். மலையில் கேபிள் எதற்கு, வெளிச்சம் எதற்கு? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பின்கட்டுகளில் தூங்குவதற்குத்தான் சம்பளம் என்றால் அதையும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தமாயோ


நிகாமிசவா
அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

மேப்பிள் இலைகள் சிவந்து கொட்ட ஆரம்பித்துவிட்டன. நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

என் வேலை இதுதான். முடி பருமனுக்கு ஒரு கண்ணாடி இழை. அதை மஞ்சள் உறைக்குள் வைத்து, மலைச்சரிவின் தோலுக்கடியில் வளைத்து வளைத்துப் புதைத்திருக்கிறோம். கீழ்முனையில் நான் ஒரு சொட்டு வெளிச்சத்தை ஊதுகிறேன். அது மலைக்குள் ஓடுகிறது. ஓடுகிற வழியெல்லாம் அதில் துளியிலும் துளி எனக்குத் திரும்பி வருகிறது. இழை எங்கே நெரிகிறதோ அங்கே கொஞ்சம் வெளிச்சம் சிந்திவிடும். மண் ஒரு நகக்கண் அளவு நகர்ந்தாலும் போதும், இழை நெரியும். சிந்திய இடத்தையும் சிந்திய அளவையும் நான் குறிக்கிறேன். மனிதக் கண்ணுக்குத் தெரியாத நிறம் அது.

மூடுபனி இறங்கிய நாளில் பம்பு அறையில் உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு தோற்றம் வரும். மலைக்குள் யாரோ ஒருத்தி அகல்விளக்கை ஏந்தி அறை அறையாக நடந்து போகிறாள். எங்கோ ஒரு வாசற்படியில் கால் தடுக்கி எண்ணெய் தளும்புகிறது. வெளியே ஒரு தொப்பைக்காரன் நின்று, எந்த அறையில் எத்தனை சொட்டு என்று மோப்பம் பிடிக்கிறான். அதற்குத்தான் சம்பளம்.

நூறில் பத்து வரை சிந்தினால் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர்கள் உடனே சாலையை மூடுவார்கள். சரிவின் அடியில் இருக்கிற ஒரே கட்டடம் இகுயோ அம்மாளின் விடுதி. அதன் பின்கட்டு, பின்சுவர், சரிவின் அடிவாரம் மூன்றும் பத்தடிக்குள் இருக்கின்றன. என் கருவிக்கு மூன்றும் ஒரே புள்ளி.

பயப்படாதே. அழுத்தியதை எடுத்துவிட்டால் சிந்துவது நின்றுவிடும், போன வெளிச்சம் முழுக்கத் திரும்பிவிடும். கண்ணாடி வன்மம் வைக்காது. உன்னைப் போல இல்லை. நீ நான் உடைத்த காகிதக் குடைக்காக இன்னும் முறைக்கிறாய்.

போர்வை பற்றிக் கேட்டாய். குளிராக இருந்தது.

ஹிசாவோ


நிகாமிசவா
நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நலந்தானே? உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் விஷயத்தின் கனம் உனக்குப் புரியும்.

விடுதிப் புள்ளியில் இழப்பு ஏறுகிறது. மாதத் தொடக்கத்திலிருந்து நாளுக்கொரு படி. நேற்று நூறில் எட்டு. சரிவு முழுக்க நாலு காலில் தவழ்ந்து தேடிவிட்டேன். வெடிப்பு எதுவும் கண்ணில் படவில்லை. பனிக்கு முன்னால் விடுதியின் பின்பக்கத்தைச் சுற்றிப் பலகை அடைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் மட்டும் நான் போகவில்லை. தூங்கி வழிந்த இடத்துக்கு மறுபடி போக வெட்கம்.

இகுயோ அம்மாள் புத்தாண்டு விருந்தினர்களுக்குப் புது மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறார். எல்லா அறையும் நிரம்பிவிட்டதாம். புருஷன் போனபின் ஏழு குளிர்காலம் தனியாக நடத்தி, இப்போதுதான் முதல்முறையாக எல்லா அறையிலும் ஆள். தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"மலை என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"பொய் சொல்றப்ப நீங்க காத இழுத்துக்கறீங்க, ஹிசாவோ அண்ணே. உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. உனக்குத் தெரியுமா?

பத்தைத் தொட்டால் நான் என்ன செய்வது, அக்கா?

ஹிசாவோ


ககோஷிமா
நவம்பர் 20

தம்பி,

இங்கே எல்லாரும் சுகம்.

தெரியும். குடையை உடைத்த அன்றும் காதை இழுத்துக்கொண்டுதான் நின்றாய்.

சொல்லிவிடு. எங்கள் மலை யாரையும் கேட்காமல் கொட்டுகிறது. உங்கள் மலைக்கு அரசாங்கம் ஒரு வாய் வைத்துக் கொடுத்திருக்கிறது. அதைப் பொத்துகிற கை உன் கையாக இருக்க வேண்டாம். அவள் திட்டுவாள். திட்டுவதற்கு உயிரோடு இருப்பாள்.

கஞ்சியாவது குடி.
தமாயோ


நிகாமிசவா
நவம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் பனி விழுந்துவிட்டது. உங்கள் உடல்நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று பத்தைத் தொட்டது. சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் சாலையில் கயிறு கட்டிவிட்டார்கள். நகராட்சிப் பிரிவுத் தலைவர் கசாமா விருந்தினர்களை வேனில் ஏற்றினார். இகுயோ அம்மாள் அடுப்பை அணைத்தார், செருப்புகளை வரிசையாக அடுக்கினார், பூட்டினார். என்னைத் தாண்டிப் போய் வேனில் ஏறினார். திட்டுவாள் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் நான் தயாராக நின்றேன். இப்போது நகரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார்.

ஆனால் ஓர் அதிசயம், அக்கா. விடுதி காலியான பின் இழப்பு தானாக இறங்குகிறது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, அழகான வளைவாக. பனி தூவுகிறது, சத்தமே இல்லை, பம்பு அறைக் கண்ணாடியில் என் மூச்சு. எதிரே திரையில் மலை தன் மூச்சை விட்டுக்கொண்டிருக்கிறது. மனிதர்கள் காலடியை எடுத்ததும் மலைக்கு நிம்மதி வந்துவிட்டதோ? இருபத்தைந்து வருஷத்தில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. வளைவை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். பார், தூங்குகிற ஆளின் முதுகு மாதிரி இருக்கிறது.

ஹிசாவோ


ககோஷிமா
டிசம்பர் 6

தம்பி,

சுகம். நீயும் சுகமாக இரு.

உன் படத்தை அத்தானிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எந்தக் கொட்டகையில காயப் போட்டிருக்கான்?" என்று கேட்டார்.

முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. வருஷா வருஷம் நாங்கள் தராசில் பார்க்கிற வளைவுதான் இது. பிடுங்கிக் கட்டித் தொங்கவிட்ட முள்ளங்கி இப்படித்தான் இளைக்கும். அந்தப் பலகை அடைப்புக்குப் பின்னால் இகுயோ என்ன தொங்கவிட்டிருக்கிறாள் என்று போய்ப் பார். வெட்கத்தைப் பிறகு படலாம்.

தமாயோ


நிகாமிசவா
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

நலமா என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. சிரிப்பில் விலா வலிக்கிறது.

கசாமாவையும் இகுயோவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பலகையைப் பெயர்த்தேன். பின்சுவரில், கூரைவாரத்துக்குக் கீழே, கொக்கிக்குக் கொக்கி இழுத்துக் கட்டிய மஞ்சள் கேபிள். அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முள்ளங்கி. இரண்டிரண்டாக வைக்கோல் கயிற்றில் முடிச்சுப் போட்டு, சுருங்கி, வளைந்து, வெயில் காய்கிற கிழவர்கள் மாதிரி.

கசாமா என்னைப் பார்த்தார். நான் முள்ளங்கியைப் பார்த்தேன்.

"இது என்னம்மா?" என்றார் கசாமா.

"முள்ளங்கிங்க. புகை போடறதுக்கு முன்னால தினம் கொஞ்சமா கட்டிக் காத்தாட விட்டேன். கொட்டகையில எடமில்ல. இங்க கயிறு நல்லா விறைப்பா இருந்துது."

"அது கயிறு இல்லீங்க," என்றேன்.

"அப்ப ஏன் கயிறு மாதிரி கட்டி வச்சீங்க?"

கசாமா பனியில் உட்கார்ந்து சிரித்தார். நகராட்சியில் எனக்கு இப்போது முள்ளங்கி இன்ஜினியர் என்று பெயர். என் மேஜையில் தினமும் ஒரு முள்ளங்கி இருக்கிறது.

எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு அளந்தேன். நூறில் இரண்டில் வந்து நின்றது. "மீதி ரெண்டு யாருது?" என்று கசாமா கேட்டார். சம இரவு நாள் கதையைச் சொல்லிவிட்டேன், வேறு வழியில்லை. "ஓகோ, அது ஐயாவோட தலையா," என்று எழுதிக்கொண்டார். சாலை திறந்துவிட்டது. புத்தாண்டு விருந்தினர்கள் வருகிறார்கள்.

திரும்பும்போது இகுயோ பின்னாலேயே வந்தாள். "ஒரு மலையவே சந்தேகப்பட்டு என் கடைய மூடினீங்க. இனிமே அந்த மலைய விடுதிக்குள்ள இருந்தே பாத்துக்குங்க," என்றாள். புரிய எனக்குப் பாதி வழி பிடித்தது. புரிந்ததும் வழுக்கி விழுந்தேன்.

இந்த மாதக் கடைசியில் நகராட்சியில் எங்கள் கல்யாணப் பதிவு. நீங்கள் இத்தனை தூரம் அலைய வேண்டாம். மனதால் வாழ்த்துங்கள்.

ஹிசாவோ


நிகாமிசவா
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய ஆரஞ்சுகள் வந்தன. இருவரும் சுகம். உன் பக்கம் பிளம் பூத்திருக்கும்.

இங்கே பனி முதல் மாடி ஜன்னல் வரை ஏறிவிட்டது. பகலில் அறைக்குள் நீல வெளிச்சம், மீன்தொட்டிக்குள் குடியிருப்பது மாதிரி. வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்தால் தலைமேல் பனி விழுகிறது. இகுயோ சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். ராகம் எனக்குப் பிடிபடுவதில்லை, நேரம் பிடிபடுகிறது, சாப்பாடு ஆகப்போகிறது என்று. ஐம்பத்தோரு வயதுவரை இந்த மலையை வெளியே நின்று முகர்ந்தவன், இப்போது விளக்குக்காரியின் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டேன்.

விடுதிப் புள்ளி நூறில் மூன்று. சிரிக்காதே, அவள் சமையலில் தலைகூடக் கனத்துவிட்டது. பின்கட்டு நடையில்தான் படுக்கை, பழைய வளையம்தான் தலையணை. பழக்கமாகிவிட்டது.

ஹிசாவோ


ககோஷிமா
பிப்ரவரி 14

தம்பி,

சுகம். இகுயோவுக்குக் கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன்.

அது என்ன மூன்று? இரண்டுதானே இருந்தது. கசாமாவுக்குத் தெரியுமா?

தமாயோ


நிகாமிசவா
மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். பனி அள்ளியே கை ஓய்ந்துவிட்டது. சால்வை அவளுக்கு நன்றாக இருக்கிறது. கழற்றுவதே இல்லை.

கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக உருகத் தொடங்கிவிட்டது. மலைக்குள் எல்லா அறையிலும் தண்ணீர் நடமாடுகிற சத்தம். கேட்டுக்கொண்டே இருக்கலாம். வசந்த விருந்தினர்களுக்காக இகுயோ கதவுகளுக்குப் புதுக் காகிதம் ஒட்டுகிறாள். வெளிச்சம் பால் மாதிரி உள்ளே வருகிறது.

நீ கேட்டாயே. இப்போது நான்கு. கசாமாவிடம் இதைக்கூடச் சொன்னால் மேஜையில் இந்த முறை பூசணிக்காய் வைப்பார். பத்துக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. என் தலைதான், அக்கா. ராத்திரி முழுக்க அந்த வளையத்தின்மேல்தானே கிடக்கிறது. வேறொன்றுமில்லை.

அத்தானுக்கு வணக்கம்.
ஹிசாவோ


ககோஷிமா
மார்ச் 21

தம்பி ஹிசாவோ,

இன்று வசந்த சம இரவு நாள். பயற்றுப் பூரணம் கிண்டும்போது உன் ஞாபகம் வந்தது. அத்தான் முதுகு நிமிர்ந்து நடக்கிறார். சாம்பல் இரண்டு நாளாக இல்லை, துணி வெள்ளையாகக் காய்கிறது.

ராத்திரி அத்தானைச் சிரிக்கவைக்க உன் பழைய கடிதங்களை வாசித்துக் காட்டினேன். முள்ளங்கி வந்த இடத்தில் முதுகு பிடித்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். அக்டோபர் கடிதம் வந்ததும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அழுத்தியதை எடுத்துவிட்டால் போன வெளிச்சம் முழுக்கத் திரும்பிவிடும், கண்ணாடி வன்மம் வைக்காது என்று நீதான் எழுதியிருக்கிறாய். முள்ளங்கியை அவிழ்த்த அன்று உன் தலை பம்பு அறையில் உன் கழுத்தின்மேல் இருந்தது. அந்த இரண்டு அப்போதும் இருந்தது.

இதைத் துரிதத் தபாலில் போடுகிறேன். நாளைக் காலை நகராட்சியில் தொலைபேசி எடுத்ததும் கசாமாவிடமும் பேசுவேன், ஆனால் முதலில் நீ போய்ச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதி. மாடியில் இரண்டு படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். பனி உருகி முடியும்வரை இருவரும் இங்கே இருங்கள். காகிதக் குடையை மறந்துவிட்டேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

சால்வைக்கு நன்றி சொல்லி இகுயோ நீளமாக எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து. மலையைப் பற்றிக் கேட்டால் நீ இப்போதும் காதை இழுத்துக்கொள்கிறாயாம். உன் குறட்டை பின்கட்டில் சுவரெல்லாம் அதிர்கிறது, விருந்தினர்கள் பயப்படுகிறார்கள் என்று, கல்யாணமான வாரமே உன் படுக்கையை முன்வாசல் அறைக்கு மாற்றிவிட்டாளாம்.

தமாயோ